பொக்லைனை அழைப்பதற்கு முன்: மாசடைந்த வணிக மனைகளைச் சுத்தப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் பங்க், உலோக முலாம் பட்டறை, ட்ரை கிளீனிங் கடை என்று ஏதாவது ஒன்று முன்பு இயங்கிய மனையில் மாசு இருப்பது தெரியவந்ததும், பலர் முதலில் பொக்லைனைத்தான் வரவழைக்கிறார்கள். செலவு எகிறுவது இங்கேதான். எந்தப் பொருள், எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாமல் தோண்டினால், நல்ல மண்ணை லாரியில் ஏற்றிவிட்டுக் கெட்டதை அங்கேயே விட்டுவைக்க நேரலாம்.

இப்போது இருக்கும் கடையை மட்டும் பார்ப்பது போதாது. பழைய கட்டட வரைபடம், உரிமங்கள், அங்கே நெடுநாள் வேலை பார்த்தவர்களின் ஞாபகம் எல்லாவற்றையும் கிளற வேண்டும். மறந்துபோன டாங்கி ஒன்று தரைக்கு அடியில் கிடக்கலாம்.

அடுத்த தவறு, எல்லா மாசும் ஒரே மாதிரி நகரும் என்று நினைப்பது. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை. நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது கூடவே போய், இடைப்பட்ட மண் முழுக்க அப்பிக்கொள்ளும். ஒரே பருவத்தில் மட்டும் மாதிரி எடுத்தவர் இதைத் தவறவிடுவார். ட்ரை கிளீனிங்கில் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன் இதற்கு நேர்மாறு. தண்ணீரைப் போல சுமார் 1.6 மடங்கு அடர்த்தி கொண்டது. நீர்மட்டத்தைத் தாண்டி இறங்கி, களிமண் போன்ற இறுகிய அடுக்கின் மேல் தேங்கும். அந்த அடுக்கின் சரிவைப் பிடித்துக்கொண்டு, நிலத்தடி நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில்கூடப் போகும். ஆழம் பார்க்கிறேன் என்று அந்தக் களிமண்ணைத் துளைத்துவிட்டால் போச்சு. அதுவரை மேலேயே நின்ற மாசு, கீழே இருக்கும் சுத்தமான நீரில் இறங்கிவிடும். என் கணக்கில் திருத்தவே முடியாத தவறு இதுதான். விவரம் தெரிந்தவர்கள் மாசு குறைவான ஓரத்திலிருந்து உள்நோக்கி வருவார்கள். ஆழமாகப் போக வேண்டியிருந்தால் மேல் அடுக்கைக் குழாய் இறக்கி அடைத்துவிட்டுத்தான் போவார்கள்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆவியாகும் பொருள் இருக்கும் மண்ணை வாளியில் போட்டுக் கிளறினால் அது காற்றோடு போய்விடும். ஆய்வக அறிக்கை அழகாக வரும், அவ்வளவுதான்.

நீரை இறைத்துச் சுத்திகரிக்கும்போது மாசின் அளவு முதலில் மளமளவென்று இறங்கும். சரி, முடிந்தது என்று பம்பை நிறுத்துவார்கள். அப்புறம் அளவு மறுபடி ஏறும். பல வருடங்களாகக் களிமண்ணுக்குள் ஊறிய மாசு மெல்லக் கசிந்து வருவதுதான் காரணம். ஆகவே பம்பை நிறுத்திய பிறகும் கண்காணிப்புக் கிணறுகளில் சோதனை தொடர வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.

நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்வதிலும் ஒரு பொறி உண்டு. அவை டெட்ராகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். வேலை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு தங்கிவிடலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். டெட்ராகுளோரோஎத்திலீன் குறைந்ததை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் ஏமாற்றம்தான். மாசைச் சிதைக்க பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளை மண்ணுக்குள் செலுத்தினால், மண்ணில் சும்மா கிடந்த குரோமியம் நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவத்துக்கு (குரோமியம்-6) மாறலாம்; அதையும் சோதிக்க வேண்டும்.

மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. மழைநீர் இறங்குவது குறையும், உண்மைதான். ஆனால் மாசின் ஆவி தளத்தின் வெடிப்புகள், குழாய் நுழையும் இடைவெளிகள் வழியாகக் கட்டடத்துக்குள் வந்துவிடும். தளத்தில் துளையிட்டு அடியில் உள்ள காற்றைச் சோதிக்க வேண்டும். ஆவி இருந்தால், குழாயும் விசிறியும் வைத்து அதைக் கூரைக்கு மேலே வெளியேற்றலாம்.