ஏரி மீனைச் சாப்பிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அந்த ஊர் ஏரி மீன்களிலும் பாதரசம் இருப்பதை 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தண்ணீரின் நிறத்தையோ மீனின் மணத்தையோ வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில், ஏரியில் என்ன கலக்கிறது என்று விசாரியுங்கள். பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் பாசி படர்ந்திருந்தாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ கணக்கே வேண்டாம். அந்த மீனைத் தொடாதீர்கள்.

அடுத்து, என்ன மீன்? மற்ற மீன்களைத் தின்று வளரும் விரால், வாளையில் பாதரசம் அதிகம் சேரும். பெரிய மீன் என்றால் இன்னும் கூடும். கெண்டையில் பொதுவாகக் குறைவு.

மூன்றாவது, பரிசோதனை. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மீன் சதையைக் கொடுங்கள். அறிக்கையில் ஈர எடையா, உலர் எடையா என்று கட்டாயம் பாருங்கள். சதையில் முக்கால் பங்கு தண்ணீர்; உலர் எடை அளவை அப்படியே எடுத்தால் விடை நாலைந்து மடங்கு பிசகிவிடும்.

இனிக் கணக்கு. மீனில் உள்ள பாதரசத்தில் பெரும்பகுதி, மூளையைப் பாதிக்கும் மெத்தில் பாதரசம் என்ற வகை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு அதற்கு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். அறிக்கையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றிருந்தால், ஒரு கிராம் மீனில் 0.5 மைக்ரோகிராம். 96-ஐ 0.5-ஆல் வகுத்தால் 192 கிராம். வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான். 20 கிலோ குழந்தைக்கு வெறும் 64 கிராம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 0.1 மைக்ரோகிராம். அதன்படி அதே பெண்ணுக்கு வாரம் 84 கிராம்தான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்தக் கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவின் பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டு, பெரிதாக அறிகுறி எதுவும் இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தார்கள்.

மஞ்சள் போட்டு அலசினாலும், நன்றாக வேகவைத்தாலும் பாதரசம் போகாது. அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. தோலையும் கொழுப்பையும் நீக்குவது பி.சி.பி. போன்ற, கொழுப்பில் சேரும் நச்சுகளுக்குத்தான் உதவும். குடல், ஈரலை எப்போதும் எறிந்துவிடுங்கள்.

இன்னொன்று: இந்த வரம்பு அந்த வாரம் சாப்பிடும் எல்லா மீனுக்கும் சேர்த்துத்தான். சுறாவிலும் பாதரசம் அதிகம். ஏரி மீன் சாப்பிட்ட வாரத்தில், பால் ஊறட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்காதீர்கள்.