ஓஸ்லோவில் நாங்கள் செய்த தவறுகளும் நீங்கள் செய்ய வேண்டாதவையும்

நார்வே தலைநகர் ஓஸ்லோவின் மத்திய ரயில் நிலையத்தில் இறங்கியதும் என் கணவர் செய்த முதல் வேலை, ஒரு சின்னக் கடையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கியது. 40 குரோனர். குரோனருக்கு எட்டரை ரூபாய் என்று வைத்தாலும் 340 ரூபாய். பில்லை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏம்மா, அடுத்த விமானம் எத்தனை மணிக்கு?" என்றார். அன்று சாயங்காலம் ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண், குளியலறைக் குழாயில் வருவதும் குடிக்கிற தண்ணீர்தான், ஊரே அதைத்தான் குடிக்கிறது என்றாள். அப்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே!

செலவு பிடிக்கிற ஊர்தான், அதில் பொய் இல்லை. ஆனால் எது விலை, எது விலை இல்லை என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்னொரு மனிதரின் நேரமும் உழைப்பும் எங்கெல்லாம் சேர்கிறதோ அங்கெல்லாம் பணம் பறக்கும். டாக்ஸி, உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், வழிகாட்டியோடு சுற்றுவது எல்லாம் அந்த ரகம். ஆள் தேவைப்படாத தண்ணீர், பூங்கா, காடு, கரையோர பெஞ்ச் எல்லாம் சும்மா கிடைக்கும். தீவுக்குப் போவதென்றால் ஒரு டிராம் டிக்கெட் ஆகும். அங்கே தட்டு கழுவுகிறவருக்கும் கௌரவமான சம்பளம். அதைத்தான் நாம் 50 குரோனர் காபியில் கொடுக்கிறோம். இது எங்களுக்குப் பிடிபட மூன்று நாள் ஆயிற்று. அறுபதைத் தாண்டியவர்கள் அங்கே செய்கிற தவறுகளில் பாதி, பதற்றத்தில் உதவிக்கு ஆள் தேடிக் காசை இறைப்பதால் வருவது.

எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்குவது

இது முதல் தவறு, எல்லோரும் செய்வது. இட்லி விலையோடு ஒப்பிட்டால் அந்த ஊரில் மூச்சுகூட விட முடியாது. கிளம்பும் முன்பே ஒரு நாளைக்கு இத்தனை குரோனர் என்று முடிவு செய்துகொண்டு, அங்கே போனபின் குரோனரிலேயே யோசியுங்கள்.

விமான நிலையத்தில் நோட்டு மாற்றுவதும் வீண். காபிக் கடையிலிருந்து கழிப்பறை வரை கார்டுதான். அதனால் இரண்டு கார்டு வேண்டும், ஆளுக்கொன்று, தனித்தனிப் பையில். கார்டின் ரகசிய எண் (PIN) இருவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். தொகை கொஞ்சம் கூடினால் இயந்திரம் அதைக் கேட்கும். சில இயந்திரங்கள் "ரூபாயா, குரோனரா?" என்றும் கேட்கும். நம் பணத்தைப் பார்த்த பாசத்தில் ரூபாயை அழுத்திவிடாதீர்கள். அந்த மாற்று விகிதத்தில் நமக்குத்தான் நஷ்டம். குரோனரை அழுத்துங்கள்.

வந்து இறங்குகிற இடம்

டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று "ஓஸ்லோ டோர்ப்" என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். அந்த விமான நிலையம் சான்டெஃபியூர் ஊர்ப் பக்கம், ஓஸ்லோவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். உண்மையான ஓஸ்லோ விமான நிலையம் கார்டர்மோன், நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கிருந்து டாக்ஸி எடுத்தால் ஆயிரம் குரோனர் சுலபமாகப் போய்விடும். விமான நிலைய அதிவேக ரயில் 20 நிமிடத்தில் கொண்டுவிடுகிறது. அதே நிலையத்திலிருந்து புறப்படும் சாதாரண வட்டார ரயில் நாலைந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட பாதிக் கட்டணத்தில் அதே மத்திய நிலையத்தில் இறக்குகிறது. ஓய்வு பெற்ற நமக்கு அந்த நாலு நிமிடத்தில் என்ன குடி முழுகப் போகிறது?

இங்கே ஒரு சின்ன வயிற்றெரிச்சல். நம்மூரில் 60 ஆனால் மூத்த குடிமகன். நார்வேயில் மூத்தோர் சலுகை பெரும்பாலும் 67 வயதிலிருந்துதான். ரயில், டிராமில் அது ஏறக்குறைய பாதி விலை. அவருக்கு 70, எனக்கு 66. ஒவ்வொரு கவுன்டரிலும் அவர் பாஸ்போர்ட்டைப் பெருமையாக நீட்டினார், நான் முழு விலை கொடுத்தேன்.

டிராமிலும் சுரங்க ரயிலிலும் தடுப்புக் கதவே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். அதைப் பார்த்து "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று நினைக்க வேண்டாம். பரிசோதகர்கள் திடீரென்று ஏறுவார்கள். அபராதம் ஆயிரம் குரோனரை ஒட்டி வரும். டிக்கெட்டைச் செல்பேசிச் செயலியில் வாங்குவதுதான் சுலபம். அதை ஊரிலேயே பிள்ளைகளை வைத்து இறக்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்று நாளில் முப்பது இடம்

ஓஸ்லோ பாஸ் என்று ஒரு அட்டை விற்கிறார்கள், 24, 48, 72 மணி நேரத்துக்கு. போக்குவரத்தும் பல அருங்காட்சியகங்களும் அதில் அடக்கம். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு நல்ல பேரம். ஆனால் அதை முதலில் பயன்படுத்திய நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. "கொடுத்த காசுக்குப் பார்க்கணும்" என்று நாங்கள் ஒரே நாளில் நாலு அருங்காட்சியகம் ஓடினோம். எதுவும் நினைவில் இல்லை, கால்வலிதான் நினைவிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று போகிறவர்களுக்கு, மூத்தோர் சலுகையும் தனி டிக்கெட்டும் பல நேரம் கட்டுப்படியாகும்.

போகும் முன் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் பிக்டோய் தீபகற்பத்து வைகிங் கப்பல் அருங்காட்சியகத்தைத்தான் முதலில் போடும். அது 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. பெரிதாகக் கட்டி 2027இல் திறப்பதாகத் திட்டம். கப்பல்தான் பார்க்க வேண்டுமென்றால், பக்கத்திலேயே ஃபிராம் இருக்கிறது. 1911இல் தென் துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென் போன கப்பல். கூரைக்குள் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஏணிப்படி செங்குத்து, பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

"அலறல்" ஓவியத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் அதைப் பல தடவை வரைந்திருக்கிறார். 1893இல் வரைந்த பிரபலமான வண்ண ஓவியம் 2022இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. துறைமுகத்தை ஒட்டி, 2021இல் திறந்த 13 மாடி மூங்க் அருங்காட்சியகத்தில் வேறு மூன்று வடிவங்கள் உண்டு. வெளிச்சம் பட்டு மங்கிவிடாமல் இருக்க, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். கதவு மூடியிருந்தால் கோபப்படாமல் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள், அடுத்தது திறக்கும்.

இத்தனைக்கும் நடுவில் எங்களுக்கு ஊரிலேயே பிடித்த இடம் காசே கேட்காதது. 12ஆம் எண் டிராமில் போனால் விகெலன்ட் சிற்பப் பூங்கா. இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. குஸ்தாவ் விகெலன்ட் என்ற ஒரே சிற்பியின் 200க்கு மேற்பட்ட சிற்பங்கள். பெரும்பாலானவற்றின் மேல் துணியே இல்லை. முதல் பத்து நிமிடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. உச்சியில் ஒரே கருங்கல்லில் குடைந்த 14 மீட்டர் தூண், அதில் 121 உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே ஏறத் துடிக்கின்றன. விகெலன்டின் மாதிரியைப் பார்த்து மூன்று கல்தச்சர்கள் செதுக்க 14 வருடம் ஆயிற்றாம். அதைச் சுற்றிய படிகளில் 36 கருங்கல் கூட்டங்கள், குழந்தையில் தொடங்கி முதுமை வரை. இளைஞர்கள் தூணோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முதுகு வளைந்த அந்தக் கல் கிழவிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு நம் வயது வேண்டும். இரண்டு மணி நேரம் இருந்தோம்.

ஃபியோர்டு என்று கேட்டதும் கற்பனை செய்வது

ஃபியோர்டு என்றால் நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல். நாட்காட்டிப் படத்தில் வருகிற செங்குத்து மலை, நடுவே பச்சைத் தண்ணீர், அதெல்லாம் மேற்குக் கரையில். ஓஸ்லோ ஃபியோர்டு தாழ்ந்த குன்றுகளும் சின்னத் தீவுகளும் கொண்டது. ஒரே நாளில் மேற்குக்குப் போய் வரலாம் என்று யாராவது சொன்னால், மேற்குக் கரை நகரமான பெர்கனுக்கு ரயிலில் ஒரு வழிக்கே ஆறரை மணி நேரத்துக்கு மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். போவதென்றால் அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள்.

ஓஸ்லோவிலேயே சுற்றுலாப் படகுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்காமல், நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே உள்ள படகுத்துறையில் நகரப் போக்குவரத்துப் படகில் ஏறுங்கள். டிராமுக்கு வாங்கிய அதே டிக்கெட் இதற்கும் செல்லும். பக்கத்துத் தீவான ஹோவெடோயாவில் 1147இல் ஆங்கிலேயத் துறவிகள் நிறுவிய மடத்தின் இடிபாடு இருக்கிறது. மலை வேண்டுமென்றால் முதலாம் எண் சுரங்க ரயில். பெயர்தான் சுரங்கம், காட்டுக்குள் ஏறிக் கடைசி நிலையம் ஃபுரோக்னெர்செட்டெரென் போகும்போது கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல். அதற்கும் அதே டிக்கெட்தான்.

வடதுருவ ஒளியையும் நள்ளிரவுச் சூரியனையும் ஓஸ்லோவில் எதிர்பார்ப்பது இன்னொரு ஏமாற்றம். இரண்டுக்கும் இன்னும் வெகுதூரம் வடக்கே போக வேண்டும். ஆனால் ஜூனில் சூரியன் மறைய இரவு பத்தே முக்கால் ஆகும், டிசம்பரில் மூன்று மணி தாண்டியதும் மறைந்துவிடும். வெளிச்சத்தை நம்பி இரவு மாத்திரையைத் தள்ளிப்போட்டார் இவர், இரண்டு நாள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கட்ட ஒரு துணியும் எடுத்துப் போங்கள்.

சாப்பாடு

நார்வேக்காரர்களே தினமும் உணவகத்தில் சாப்பிடுவதில்லை. காலையில் ரொட்டியும் சீஸும் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறார்கள். மாட்பக்கே என்று பெயர், அதாவது நம் கட்டுச்சோறு. அலுவலகமோ மலையேற்றமோ, அதுதான் மதியச் சாப்பாடு. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டு நாங்கள் கொடுத்த உணவக பில்லில் ஒரு வாரப் பொட்டலம் கட்டியிருக்கலாம்.

காலை உணவு சேர்ந்த அறையாகப் பாருங்கள், அந்த ஊர் ஹோட்டல் காலை விருந்து மதியம் வரை தாங்கும். பழுப்பு நிறச் சீஸ் ஒன்று வைத்திருப்பார்கள், கொஞ்சம் இனிக்கும், பால்கோவா மாதிரி. எனக்குப் பிடித்தது, அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய்க்கு கிரோன்லன்ட் பகுதி. நம் மொழியும் காதில் விழலாம். இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் இது. 2015இல் துணை மேயரான கம்சாயினி குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்.

காலும் கழிப்பறையும்

ஓபரா அரங்கத்தின் கூரை தரையிலிருந்தே சரிவாக எழும்புகிறது, மேலே நடந்து போகலாம், காசு இல்லை. ஆனால் வெள்ளைப் பளிங்கில் ஆங்காங்கே சின்ன விளிம்புகள் இருக்கின்றன, வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நான் அங்கேதான் தடுக்கி விழப் பார்த்தேன். மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள். குளிர்காலத்தில் போவதென்றால் செருப்புக்கடையில் புரொடர் என்று கேளுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் முள் பட்டை, அந்த ஊர்ப் பாட்டிகள் எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

பொதுக் கழிப்பறைகள் பல இடங்களில் காசு. ஓபரா முகப்புக் கூடத்திலும், அதற்கு எதிரே 2020இல் திறந்த டைக்மன் நூலகத்திலும் கேட்பதில்லை. நூலகத்தில் சாய்ந்து உட்கார நல்ல நாற்காலிகளும் உண்டு. மேல்மாடியில் ஒரு சின்ன மர அறை. ஆண்டுக்கொரு எழுத்தாளர் கொடுக்கும் கையெழுத்துப் பிரதிகளை அங்கே பூட்டி வைக்கிறார்கள், 2114இல்தான் அச்சிடுவார்களாம். என் கணவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மருந்துக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு எப்படியும் எடுப்பீர்கள். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அது பொருந்துமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவசரத்துக்கு 113. அவசரமில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத உபாதைக்கு 116117.

அந்த முதல் நாள் பாட்டிலை அவர் தூக்கிப் போடவில்லை. ஒன்பது நாளும் குழாயில் நிரப்பி நிரப்பிக் குடித்தோம். அங்கே பாட்டிலுக்கு முன்பணம் உண்டு, சின்னதுக்கு 2 குரோனர், பெரியதுக்கு 3. காலி பாட்டிலை மளிகைக் கடை இயந்திரத்தில் போட்டால் சீட்டு தரும், கல்லாவில் கழித்துக்கொள்ளலாம். கிளம்புகிற அன்று காலை அவர் பாட்டிலை இயந்திரத்தில் விட்டு, சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"பதினேழு ரூபாய்" என்றார்.