ஐவி பஸ் வேண்டாம், நாலு பேர் போதும்: பெங்களூரில் சீனியர்களைப் பார்க்கப் போவது எப்படி?

ஐவி, அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட், எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பஸ், மைசூர் அரண்மனை, நடுவில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஒரு மணி நேரம், வாசல் போர்டு முன்னால் குரூப் போட்டோ. டூராகப் பார்த்தால் குறையே இல்லை. வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள மட்டும் அது உதவாது. அதனால் போன செமஸ்டரில் நாங்கள் இசிஇ பசங்க நாலு பேர் கோவையிலிருந்து கிளம்பிப் போய், பெங்களூர் சிப் கம்பெனிகளில் இருக்கும் எங்கள் காலேஜ் சீனியர்களைச் சந்தித்துவிட்டு வந்தோம். ஜூனியர்கள் விடாமல் கேட்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன். ரெஸ்யூமே எழுதுவது, லிங்க்ட்இன் கணக்கு தொடங்குவதெல்லாம் இதில் வராது.

1. ஆளைப் பிடிப்பது

லிங்க்ட்இன்னில் உங்கள் காலேஜ் பக்கத்துக்குப் போனால் ‘அலுமினி’ என்று ஒரு டேப் இருக்கும். ஊர், கம்பெனி, படிப்பு என்று வடிகட்டிக்கொள்ளலாம். படித்து முடித்து இரண்டிலிருந்து ஐந்து வருடம் ஆனவர்களாகப் பாருங்கள். இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பட்டியலை கூகுள் ஷீட்டில் போடுங்கள். நோஷன் ஆப்பில் அழகாக டேஷ்போர்டு கட்டுகிறேன் என்று உட்கார்ந்தால் செமஸ்டரே முடிந்துவிடும்.

2. முதல் மெசேஜ்

பாதிப் பேர் தோற்கிற இடம் இது. ‘ஹாய் ப்ரோ, ரெஃபரல் (உள்ளே இருப்பவர் நம்மை வேலைக்குப் பரிந்துரைப்பது) கிடைக்குமா?’ என்று தினமும் அவர்களுக்குப் பத்து மெசேஜ் வருகிறது. நீங்கள் பதினொன்றாவதாகப் போய் நிற்க வேண்டாம். எங்களுக்குப் பதில் வாங்கித் தந்த மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“வணக்கம் அக்கா. நம்ம காலேஜ் இசிஇ மூணாம் வருஷம் படிக்கிறேன். வெரிஃபிகேஷன் பக்கம் போகலாமான்னு யோசிக்கிறேன். யூவிஎம் இப்பவே படிக்கணுமா, சேர்ந்தப்புறம் சொல்லித் தருவாங்களான்னு தெரியல. அடுத்த புதன்கிழமை வைட்ஃபீல்டு வர்றோம். ஆபீஸ் பக்கத்துலயே டீ டைம்ல 20 நிமிஷம் பேச முடியுமா?”

(வெரிஃபிகேஷன் என்றால் சிப் டிசைன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிற வேலை. யூவிஎம் அதற்கான ஒரு முறை.) இதில் வேலை கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? கேள்வி ஒன்றுதான். அதுவும் அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி. நாள், இடம், நேரம் எல்லாம் சொல்லிவிட்டதால் அவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

சின்ன வயசு சீனியர் என்றால் அண்ணா, அக்கா. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் சார், மேடம். ‘ப்ரோ’ யாருக்குமே வேண்டாம். இலவசக் கணக்கில் கனெக்ஷன் கோரிக்கையோடு குறிப்பு எழுத மாதாந்திர வரம்பு உண்டு. அதனால் முக்கியமானவர்களுக்கு மட்டும் செலவழியுங்கள்.

3. நாளும் ஏரியாவும்

ஒரு நாளுக்கு ஒரு ஏரியா. காலையில் வைட்ஃபீல்டு, மதியம் எலக்ட்ரானிக் சிட்டி என்று போடாதீர்கள். 2025 ஆகஸ்டில் யெல்லோ லைன் வந்தபின் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோ இருக்கிறது, உண்மைதான். ஆனால் வைட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே கிரீன் லைனுக்கு மாறி ஆர்.வி. ரோடு, மறுபடி மாறி யெல்லோ லைன். அரை நாள் போய்விடும்.

எங்கள் பக்கத்திலிருந்து ராத்திரி ரயிலில் போகிறவர்கள் ஒன்று பாருங்கள்: ஜோலார்பேட்டை வழியாகப் போகிற ரயில் கிருஷ்ணராஜபுரத்தில் நின்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள். பக்கத்திலேயே பர்ப்பிள் லைன் ஸ்டேஷன், வைட்ஃபீல்டு அந்தப் பக்கம்தான். மெஜஸ்டிக் வரை போய்த் திரும்பி வருவது வெட்டி வேலை. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும்.

திங்கள், வெள்ளி நிறையப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். நடுவாரம்தான் நல்லது. ஓடி (ஆன் டியூட்டி) ஃபார்மில் எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், கையெழுத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். 75 சதவீத அட்டெண்டன்ஸ் கணக்கை ஊர் திரும்பியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

4. கேட்

டெக் பார்க் என்பது ஒரு கட்டடம் இல்லை. ஏகப்பட்ட பிளாக், பல கேட். ‘டெக் பார்க் வந்துடுங்க’ என்று சொன்னால் எந்த கேட், எந்த பிளாக் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு இடத்தில் எங்களை முக்கால் மணி நேரம் செக்யூரிட்டி ரூமிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். எங்களை அழைத்த அண்ணா விசிட்டர் பாஸுக்கு விண்ணப்பித்திருந்தார், ஆனால் ஒருவன் பெயர் ஆதாரில் இனிஷியல் விரித்து இருந்தது, பாஸில் இல்லை. நம் ஊர் இனிஷியல் தொல்லை கர்நாடகாவிலும் விடாது! பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் அனுப்புங்கள். ஒரிஜினல் அட்டை கையில் இருக்கட்டும். லேப்டாப் கொண்டுபோனால் சீரியல் நம்பர் எழுதச் சொல்வார்கள். தேவையில்லை என்றால் ரூமிலேயே வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் உள்ளே போகவே வேண்டாம். வெளியே டீக்கடையில்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

5. பேச்சு

போனில் திறக்கிற மாதிரி ஒரு ப்ராஜெக்ட் வைத்திருங்கள். எங்களில் ஒருவன் கிட்ஹப்பில் தான் எழுதிய ஃபிஃபோ (முதலில் வந்த டேட்டா முதலில் வெளியேறுகிற வரிசை) கோடைக் காட்டினான். நாங்கள் மெசேஜ் போட்ட அந்த அக்கா ஸ்க்ரோல் செய்துகொண்டே கேட்ட முதல் கேள்வி: “டெஸ்ட்பெஞ்ச் எங்கப்பா?” டிசைனைச் சோதிக்க எழுதுகிற கோடுதான் டெஸ்ட்பெஞ்ச். அடுத்த இருபது நிமிடமும் அதைப் பற்றித்தான். யூவிஎம் கேள்விக்கு அவர் சொன்ன பதிலும் இங்கே கிடக்கட்டும்: “செட்டப் டைம், ஹோல்ட் டைம் கேட்டா முழிக்காம சொல்லு. சிஸ்டம்வெரிலாக் ஒழுங்கா எழுது. யூவிஎம் அதுக்கப்புறம்.” (செட்டப், ஹோல்ட் டைம் என்பது க்ளாக் துடிப்புக்கு முன்னும் பின்னும் சிக்னல் மாறாமல் இருக்க வேண்டிய நேரம். சிஸ்டம்வெரிலாக் சிப்பை டிசைன் செய்யவும் சோதிக்கவும் எழுதுகிற மொழி.)

விசிட்டிங் கார்டு அடிக்காதீர்கள், காசு தண்டம். லிங்க்ட்இன் ஆப்பில் க்யூஆர் இருக்கிறது.

6. ஊர் திரும்பியபின்

மறுநாளே நன்றி மெசேஜ், அவர் சொன்னதில் எதைத் தொடங்கினீர்கள் என்று ஒரு வரியோடு. ரெஃபரல் பிறகு கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் வெறும் ரெஸ்யூமேயைத் தூக்கி அனுப்பாதீர்கள். கம்பெனியின் கேரியர் பக்கத்தில் பொருந்துகிற வேலையைத் தேடி, அதன் ஜாப் ஐடியோடு அனுப்புங்கள். உள்ளே இருப்பவர் போர்ட்டலில் ஏற்றப் பெரும்பாலும் அந்த எண் வேண்டும். அதை அவரே தேடட்டும் என்று விட்டால் அந்த மெயில் அப்படியே கிடக்கும்.

பின்சேர்க்கை: ஹாஸ்டல் பெண்கள் சிலர் கேட்டிருந்தீர்கள், அவுட்பாஸ் தர மறுக்கிறார்கள் என்று. எங்கள் ஜூனியர் பெண்கள் இருவர் செய்தது: சந்திக்கப்போகும் அக்காவிடமிருந்து தேதி, இடம் போட்டு ஒரு மெயில் வாங்கி, அதை டிபார்ட்மென்ட் மேடம் மூலமாக வார்டனுக்கு அனுப்பினார்கள். வீட்டிலும் அதே மெயிலைத்தான் காட்டினார்கள். அனுமதி கிடைத்தது. அந்த அக்காவே அவர்களை இரவு தன் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தங்க வைத்துக்கொண்டார்.