எலி இளைத்தது, கல்லீரல் கொழுத்தது: ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர் சென்ற வாரம் ஒரு வரைபடத்தை நீட்டினார். கொழுப்பேறிய எலிக் கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தை ஒரு மணி நேரம் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டுத் திறந்திருக்கிறார். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்து பெற்ற எலிகளில், கல்லீரல் காயத்தைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற இரத்த நொதி பாதியாகக் குறைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. “என்ன தீவனம்?” என்று கேட்டேன். மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் கோலின் என்ற சத்தும் இல்லாத தீவனம் என்ற பதிலைக் கேட்டதும் என் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது.

கல்லீரல் அறுவையில் இரத்தக்கசிவை அடக்கத் தமனியையும், குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும் சேர்த்து இடுக்குவது 1908இல் அறுவை மருத்துவர் பிரிங்கிள் விவரித்த முறை. திறந்ததும் திரும்பிவரும் இரத்தமே செல்களைக் காயப்படுத்துகிறது. கொழுப்புக் கல்லீரலுக்கு அந்த அடி இன்னும் பலம். அதைத் தடுக்கத்தான் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்துகள். கிளாம்ப் நழுவுவது, குழாயில் எண் எழுத மறப்பது எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெத்தியோனின் இல்லாத தீவனம்

மெத்தியோனினும் கோலினும் நீக்கிய தீவனம் சில வாரங்களிலேயே கல்லீரலைக் கொழுப்பால் நிரப்பிவிடும். கோலின் இல்லாவிட்டால் கல்லீரலால் கொழுப்பைப் பொட்டலம் கட்டி இரத்தத்துக்கு அனுப்ப முடியாது. அவசரக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் உடல் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் செய்துகொள்வது மெத்தியோனினிலிருந்து, சிஸ்டீனிலிருந்துதான் செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான குளுட்டாதயோன். என்-அசிட்டைல்சிஸ்டீன் தருவதும் அதே சிஸ்டீனைத்தான்.

நானும் இதே குழியில் விழுந்தவன். எட்டு வாரத் தீவனம், அறுவை, அழகான முடிவு. கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே வரி கேட்டார்: கிளாம்ப் போடுவதற்கு முன் குளுட்டாதயோன் எவ்வளவு? வயிற்றைத் திறந்து அப்படியே மூடிய எலிகளின் திசு உறைபெட்டியில் இருந்தது. எடுத்து அளந்தேன். இரத்தம் நிற்பதற்கு முன்பே குளுட்டாதயோன் தரைதட்டிக் கிடந்தது. நான் தோண்டிய பள்ளத்தை என் மருந்து நிரப்பியிருந்தது, அவ்வளவுதான். எட்டு மாதம் போயிற்று.

போதாததற்கு, அந்த எலிகள் எலும்பும் தோலுமாக இளைத்திருந்தன. அறுவை மேசைக்கு வரும் கொழுப்புக் கல்லீரல்காரர்களில் பலர் பருமனானவர்கள், சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு இந்த எலியா பிரதிநிதி? கொழுப்பு மிகுந்த தீவனம் பல மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனின் ஏற்பி பழுதாகிப் பருமனாகும் ஸக்கர் எலியும் இருக்கிறது. எதை எடுத்தாலும் முதல் ஊசிக்கு முன் குளுட்டாதயோனை அளந்துவிடுங்கள்.

கரைப்பான்

மருந்தைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் சல்பாக்சைடே, செல்லைத் தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை விழுங்கும். ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீரைக் கொடுத்துவிட்டு மருந்தைப் புகழாதீர்கள்.

நேரம்

இரத்தம் நின்றிருக்கும்போது செல்லில் சக்சினேட் என்ற வளர்சிதைப் பொருள் சேர்கிறது. திறந்த முதல் சில நிமிடங்களில் அது எரியும்போதுதான் மைட்டோகாண்ட்ரியா, செல்லைக் காயப்படுத்தும் ஆக்சிஜன் ரேடிக்கலான சூப்பராக்சைடைக் கக்குகிறது. அரை மணி கழித்துப் போடும் ஊசி அந்த வெள்ளத்தைப் பிடிக்காது.

வெப்பநிலை

மயக்கத்தில் எலி குளிரும். குளிர்ந்த கல்லீரல் மருந்தில்லாமலே தாக்குப்பிடிக்கும். வெப்பமானியை வையுங்கள்.