ஒரே ஒரு சேவ் வைத்து விளையாடுகிறவர்களுக்கு

பெருநாள் லீவு முடிவதற்குள் எங்கள் கீழக்கரையில் புதிதாக நாலு வீட்டிலாவது கன்சோல் வந்துவிடும். சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் காக்காவோ (அண்ணனோ) மச்சானோ துபாயிலிருந்து பெட்டியோடு இறங்கியிருப்பார். முதல் இரண்டு வாரம் கால்பந்து, கார் ரேஸ். அப்புறம் ஒருத்தனுக்கு அது சலித்துப்போய், கதை உள்ள கேம் வேண்டும் என்று கிளம்புவான். என்னைத் தேடி வருவது அப்போதுதான்.

கேட்கிற கேள்வி வருஷா வருஷம் ஒன்றுதான். செய்கிற தப்பும் பிளேஸ்டேஷன் 2 காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புதான். டிஸ்கில் கீறல் விழாமல் பார்த்துக்கொள், கன்ட்ரோலரைத் தரையில் போடாதே என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் உம்மாவே சொல்லிவிடுவார். அட்வென்சர் கேமும் ஆர்பிஜியும் (ஒரு பாத்திரத்தை எடுத்து வளர்த்துக்கொண்டே போகிற கதை கேம்) விளையாடுகிறவன் மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு.

முதல் பாகத்திலிருந்துதான் தொடங்குவேன் என்பது

ஃபைனல் ஃபேன்டஸி 16 கையில் இருக்கும். "முதல் பதினைந்தையும் முடிச்சிட்டு ஆரம்பிக்கிறேன்" என்பான். தேவையே இல்லை. அந்த வரிசையில் ஒவ்வொரு எண்ணும் தனிக் கதை, தனி உலகம், தனி ஆட்கள். எது கிடைக்கிறதோ அதில் தொடங்கலாம்.

மாஸ் எஃபெக்ட் அப்படியில்லை. அந்த மூன்று பாகங்களும் ஒரே கதை. முதல் பாகத்தில் யாரைச் சாகவிட்டீர்கள் என்பதை அந்த சேவ் ஃபைலிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இரண்டாம் பாகம் நடக்கும், மூன்றாவதும் அப்படித்தான். மூன்றையும் சேர்த்து 2021-ல் லெஜண்டரி எடிஷன் என்று வந்திருக்கிறது, அதை வாங்கி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். மாஸ் எஃபெக்டை மூன்றில் தொடங்குகிறார்கள், ஃபைனல் ஃபேன்டஸிக்கு ஒன்றைத் தேடி அலைகிறார்கள்.

ஒரே ஸ்லாட்டில் சேவ் செய்வது

ஸ்லாட் என்றால் சேவ் வைக்கிற இடம், ஒன்றின் மேலேயே மறுபடி எழுதினால் பழைய சேவ் போய்விடும். எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத தப்பு இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருத்தன் ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸை போனில் விளையாடிக்கொண்டிருந்தான். 1997-ல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கேம், பிறகு பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோலுக்கும் போனுக்கும் மாற்றினார்கள். "காக்கா, ஒரு சண்டை தாண்டவே முடியல, எதாவது ஐடியா சொல்லுங்க" என்று போனை நீட்டினான். பார்த்ததுமே இடம் தெரிந்துவிட்டது: ரியோவேன்ஸ் கோட்டை.

அந்தக் கோட்டையில் அடுத்தடுத்து மூன்று சண்டைகள். வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று, கூரையில் ஒன்று. இடையில் வெளியே வர வழி கிடையாது. கடைக்குப் போக முடியாது, வேறு எங்காவது போய்ச் சண்டை போட்டு லெவல் ஏற்றிக்கொள்ளவும் முடியாது. உள்ளே நடக்கும் இரண்டாவது சண்டையில் உங்கள் படை பக்கத்தில் இருக்காது. நாயகன் ராம்சா மட்டும் வீக்ராஃப் என்ற வீரனோடு ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டும். ராம்சாவைப் பின்னால் நிறுத்தி மற்றவர்களை வைத்தே ஜெயித்து வந்தவர்களுக்கு அங்கேதான் ஆப்பு. இரண்டு அடியில் கதை முடிந்துவிடும். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், வாசல் சண்டை முடிந்ததும் சேவ் செய்துகொள்கிறாயா என்று கேமே மரியாதையாகக் கேட்கும். பயலும் மரியாதையாகச் சரி என்றிருக்கிறான்.

லோட் திரையைத் திறக்கச் சொன்னேன். வரிசையாக ஸ்லாட்டுகள் எல்லாம் காலி. மேலே மட்டும் ஒன்று, நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியது, கோட்டைக்குள்ளே.

"வேற சேவ் இல்லையா?"

"எதுக்கு காக்கா? அதான் சேவ் ஆகுதே."

இந்த ஒரு பதில்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். ராம்சாவுக்கு வேகம் கூட்டுகிற திறமை ஒன்று உண்டு. அதைக் கற்று வைத்திருந்தால், வீக்ராஃபுக்குப் பிடிகொடுக்காமல் ஓடி ஓடி வேகத்தை ஏற்றி, அவனுக்கு ஒரு முறை வரும்போது நமக்கு இரண்டு மூன்று முறை வரும்படி செய்து தப்பிக்கலாம். இவன் அதையும் கற்கவில்லை. நாற்பது மணி நேரமும் போச்சு. மறுபடி முதலிலிருந்து தொடங்கினானா என்றால் இல்லை, போனிலிருந்தே கேமைத் தூக்கிவிட்டான். நல்ல கதை ஒன்று பாதியில் நின்றது. என் எரிச்சல் அதற்குத்தான்.

இது பழைய கேம்களின் சாபம் என்று தள்ளிவிடாதீர்கள். அட்வென்சர் கேம்களில் இதைவிட மோசம் நடந்திருக்கிறது. 1990-ல் சியரா நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் 5-ல் ஊர்க் கடையில் ஒரு பை வாங்கலாம், கஸ்டர்ட் ஊற்றிய இனிப்புப் பண்டம். பிறகு பனிமலையில் நாயகன் கிரஹாம் பசியில் துடிப்பான். கையில் பை இருக்கிறது, தின்றுவிட்டால் பசி தீர்ந்தது என்று நினைப்பீர்கள். கேமும் தடுக்காது, எச்சரிக்காது. இன்னும் மேலே போனால் எட்டி என்ற பனி அரக்கன் வழிமறிப்பான். அவன் முகத்தில் வீசுவதற்குத்தான் அந்தப் பை. தின்றிருந்தால் சாவுதான். தின்பதற்கு முன்னால் செய்த சேவ் இல்லையென்றால் மொத்த ஆட்டமும் முதலிலிருந்து. அந்தக் காலத்து சியரா கேம்களை விளையாடியவர்கள் பத்துப் பதினைந்து சேவ் வைத்திருந்தது பைத்தியத்தினால் அல்ல.

இந்த அநியாயத்துக்கு எதிராகக் கிளம்பியவர் ரான் கில்பர்ட். அவர் தலைமையில் 1990-ல் வந்த மங்கி ஐலண்டில் எந்தப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலும் வழி அடைபடாது, சாவதும் ஏறக்குறைய நடக்காது. நாயகன் கைபிரஷ் தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் மூச்சடக்குவான், அதையும் தாண்டி நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் சாவான். (நம் ஊர் சங்கு குளிக்கிற ஆட்களிடம் இந்தப் பத்து நிமிடக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.) புதிதாக அட்வென்சர் கேம் விளையாடுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

புதிய ஆர்பிஜிகளில் ஆட்டம் அடைபடுவது குறைவு. ஆனால் வினை தாமதமாக வரும். விட்சர் 3-ல் நாயகன் கெரால்ட் மகளாக வளர்த்த சிரியிடம் நீங்கள் சாதாரணமாகச் சொன்ன பதில்கள்தான் கடைசியில் அவளுக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிக்கும். பல்டர்ஸ் கேட் 3-ல் ஒரு பகுதியை விட்டுக் கிளம்பினால் பின்னால் விட்டுவந்த வேலைகள் உங்களுக்காகக் காத்திருக்காது. அது தெரியவரும்போது ஆட்டோசேவ் பல முறை தன் மேலேயே எழுதியிருக்கும். ஆட்டோசேவ் உங்களுடையது இல்லை, கேமினுடையது. அதை நம்பி உட்காராதீர்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது: மூன்று ஸ்லாட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. இது போக, ஒவ்வொரு அத்தியாயம் தொடங்கும்போதும் ஒரு சேவ் தனியாகப் போட்டு அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பெரிய கதவு, கோட்டை, கப்பல் பயணம், "எல்லாம் தயாரா?" என்று கேட்கிற ஆள், இதில் எதைக் கண்டாலும் புது ஸ்லாட். கேமே சேவ் செய்யச் சொல்லி வலிய வந்து கேட்டால் கட்டாயம் புது ஸ்லாட்.

எல்டன் ரிங் போன்றவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஒரு கேரக்டருக்கு ஒரே சேவ். பல்டர்ஸ் கேட் 3-ன் ஹானர் மோடும் அப்படித்தான். முதல் ஆட்டத்திலேயே அதைத் தொடாதீர்கள். தொட்டால் என்னிடம் வராதீர்கள்.

கன்சோல் அண்ணனுடையது, அக்கவுன்டும் அண்ணனுடையது

துபாய்க்காரர் தன் அக்கவுன்டிலேயே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். தம்பி அதிலேயே விளையாடுவான். பிறகுதான் சிக்கல். பிளேஸ்டேஷன் அக்கவுன்ட் தொடங்கும்போது எந்த நாடு கொடுத்தீர்களோ அதைப் பின்னால் மாற்ற முடியாது. அமீரக அக்கவுன்டுக்கு அந்த நாட்டு கிஃப்ட் கார்டுதான் வேண்டும், இங்கே வாங்கியது செல்லாது. டிஸ்க் எந்த ஊரில் வாங்கியதானாலும் ஓடும், அதில் தொல்லை இல்லை. ஆனால் டிஎல்சி (கேமுக்குப் பின்னால் தனியாக வாங்குகிற கூடுதல் பகுதி) அந்த டிஸ்கின் பிராந்தியத்தோடு ஒத்துப்போக வேண்டும். டிஸ்க் உறையின் முதுகில் பிபிஎஸ்ஏ அல்லது சியுஎஸ்ஏ என்று தொடங்கும் எண் இருக்கும், டிஎல்சி வாங்குவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

முதல் நாளே உங்கள் பெயரில் தனி அக்கவுன்ட் தொடங்குங்கள். அண்ணனின் அக்கவுன்டில் கன்சோல் ஷேரிங்கை ஆன் செய்துவிட்டால் அவர் வாங்கிய கேம்கள் உங்கள் அக்கவுன்டிலும் ஓடும். சேவ் மட்டும் வராது. அவர் அக்கவுன்டில் விளையாடிய சேவ் ஃபைலை உங்களுடையதற்கு மாற்ற வழியில்லை. அறுபது மணி நேரம் விட்சர் விளையாடிவிட்டு அப்புறம் தனி அக்கவுன்ட் தொடங்கி "என் கெரால்ட் எங்கே?" என்று கேட்காதீர்கள்.

சேவ் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4 சேவ் ஃபைலை பென்டிரைவில் எடுத்து வைக்கலாம். பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை அப்படி எடுக்க முடியாது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டினால் கிளவுடில் ஏறும். எக்ஸ்பாக்ஸில் கிளவுட் இலவசம். நின்டென்டோ ஸ்விட்ச்சில் சேவ் கன்சோலுக்குள்ளேதான் இருக்கும், மெமரி கார்டில் இல்லை. கார்டைக் கழற்றி இன்னொரு ஸ்விட்ச்சில் போட்டுவிட்டு முழிக்காதீர்கள்.

ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டுத் தூங்குவது

ஐப்பசி கார்த்திகையில் காற்று கிளம்பினால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ரெஸ்ட் மோடில் கேம் அப்படியே நிற்பது கரண்ட் இருக்கிறவரைதான். சேவ் செய்யாமல் அப்படி விட்டிருந்தால் காலையில் ஒன்றும் இருக்காது. மூலையில் சேவ் சின்னம் சுழலும் நேரத்தில் கரண்ட் போனால் அந்த ஃபைலே கெட்டுப்போகலாம். மூன்று ஸ்லாட் எதற்கு என்று இப்போதாவது புரிகிறதா?

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போனால் கன்சோல் அணைந்து அணைந்து எரிகிறது என்கிறவர்கள் அந்தப் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு பக்கமும் ஈகோ அல்லது நார்மல் என்று இன்னொரு பக்கமும் போட்ட சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது யுபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். மற்ற பக்கத்தில் பேட்டரிக்கு மாறுகிற நேரம் அதிகம். ஃபேனுக்கு அது தெரியாது, கன்சோலுக்குத் தெரியும்.

ஜன்னல் ஓரம்

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் கடல் காற்றில் துரு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். உங்கள் எச்டிஎம்ஐ போர்ட் எந்த மூலை? கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே கன்சோலை வைக்காதீர்கள். அதற்காக விளையாடும்போது துணி போட்டு மூடவும் வேண்டாம், உள்ளே வெந்துவிடும். ஆறவிட்டு மூடுங்கள்.

உயிரேற்றும் எலிக்ஸிர் மருந்தைச் சேர்த்து வைப்பது

குடித்துத் தொலையுங்கள்.

மாட்டிக்கொண்ட உடனே யூடியூப்

அட்வென்சர் கேமில் யோசிப்பதுதான் விளையாட்டு. அதை யூடியூப்காரனிடம் கொடுத்துவிட்டால் நீங்கள் வெறுமனே பட்டன் அழுத்துகிற ஆள். ஒரு வீடியோவைத் திறந்தால் ஒரு புதிரோடு நிற்காது, அடுத்த மூன்றும் கண்ணில் பட்டுவிடும். முழு விடை வேண்டாம், ஒரு சாடை மட்டும் கேளுங்கள். 2022-ல் வந்த ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டில் கேமுக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லும். நல்ல ஏற்பாடு.

இதற்கும் விலக்கு உண்டு. 1999-ல் வந்த கேப்ரியல் நைட் 3-ல் ஒரு ஆளைப் போல வேஷம் போட்டு மோட்டார் பைக் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்குப் பூனை முடியைப் பிடித்து, மேப்பிள் சிரப்பில் ஒட்டி மீசை செய்ய வேண்டும். அந்த ஆளுக்கு மீசையே கிடையாது, அதனால் அவர் பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரைய வேண்டும். இந்த மாதிரி இடத்தில் யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கப்போவதில்லை. தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் உள்ள எல்லாக் கேள்விக்குறியையும் துடைப்பது

விட்சர் 3-ஐப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் ஸ்கெலிகேயில்தான் விட்டிருப்பார்கள். தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறி. படகை நிறுத்து, குதி, கடத்தல்காரன் போட்டுவைத்த பெட்டியைத் திற, மறுபடி ஏறு. பெட்டிக்குள் இருப்பதை விற்றால் கொஞ்சம் காசு, அவ்வளவுதான். கதையை மறந்து, சிரியை மறந்து இதைச் செய்துகொண்டிருப்பார்கள். கடலில் கடத்தல் பெட்டி தேடுகிற வேலைக்கு மண்டபத்தில் கோஸ்ட் கார்டு இருக்கிறது.