எடுத்து வைத்த ஸ்பேர் வேப் ஏன் வீணாகிறது?

கையில் இருக்கும் வேப் (மின்சிகரெட்) பழுதானால் உதவட்டும் என்று இன்னொன்று வாங்கி டிராயரில் போட்டு வைப்பவர்கள் நிறைய பேர். எட்டு மாதம் கழித்து எடுத்தால் லைட் கூட எரியாது. 'புதுசாச்சே, தொடவே இல்லையே' என்பார்கள். தொடாமல் விட்டதுதான் சிக்கல். பேட்டரியைக் கழற்றக்கூடிய மாடல் என்றால் பேட்டரி செல்லைத் தனியாக எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம். உள்ளேயே பொருத்திய பேட்டரிக்கு அந்த வழி இல்லை. சும்மா கிடக்கும்போதும் உள்ளிருக்கும் சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜைத் தின்றுகொண்டே இருக்கும்.

அதனால்தான் சார்ஜ் தீர்ந்த நிலையில் எடுத்து வைப்பதைப் பெரிய தவறு என்கிறேன். லித்தியம் அயான் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். 'போதும், சார்ஜ் போடு' என்று வேப் நின்றுவிடும்போது பொதுவாக 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அங்கிருந்து மாதக்கணக்கில் இறங்கி மிகவும் கீழே போய்விட்டால், செல்லுக்குள் இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேறு இடத்தில் படியும். அதுவே உள்ளுக்குள் ஷார்ட் ஆகக் காரணமாகலாம். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இது தெரியாமல் பலர் ராத்திரி முழுக்க கேபிளைச் செருகி வைத்து எப்படியாவது உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள். உயிர் வந்தால்தான் எனக்குப் பயம். பல மாதம் செத்துக் கிடந்து எழுந்த வேப்பை நான் வாயருகே கொண்டுபோக மாட்டேன். நீங்களும் வேண்டாம்.

ஆனால் சில வாரங்களே சும்மா இருந்தது, சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் டைப் சி ஆக இருக்கும் கேபிளைப் போட்டால், எதிர்முனையில் ஒரு சாதனம் இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிவிக்க வேப்புக்குள் சிறிய ரெசிஸ்டர்கள் வேண்டும். விலை குறைந்த வேப்கள் பலவற்றில் அவை இருப்பதில்லை. ஒரு முனை பழைய தட்டையான யுஎஸ்பியாக இருக்கும் கேபிளைப் போட்டால் உடனே லைட் எரியும். நல்ல வேப்பையே குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, முழுசாக ஏற்றி வைத்துவிட்டால்? அதுவும் தவறுதான். நிறைந்த செல்லுக்குள் வேதிமாற்றம் வேகமாக நடந்து, அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 25 டிகிரி செல்சியஸில் பாதி சார்ஜோடு ஓராண்டு கிடந்த செல்லின் இழப்பு பொதுவாகச் சில சதவீதம்தான். அதையே நிறைத்து 40 டிகிரியில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். ஆகவே பாதியளவில் வையுங்கள். திரை இல்லாத மாடலில் லைட்டின் நிறத்தைப் பார்க்கலாம். மூன்று நிறம் காட்டுவதாக இருந்தால் நடு நிறம் போதும். அப்புறம், வைத்த தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள். இதைவிட நல்ல வழி, ஸ்பேரையும் முறை வைத்துப் பயன்படுத்துவது.

வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது. வெப்பம் ஆகாது என்றால் ஃபிரிட்ஜ் நல்லதுதானே என்று தோன்றும்; வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், அது சர்க்யூட்டுக்கு ஆகாது. காற்றோட்டமான, ஈரமில்லாத அலமாரியே போதும். பூட்டுப் போட்ட அலமாரியாக இருக்கட்டும், ஏனென்றால் நிகோடின் திரவம் சிறு குழந்தைக்கு விஷம்.

பாட் எனப்படும் திரவக் குப்பியைக் கழற்றாமல் அப்படியே வைப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை நான் நான்கு மாதம் கழித்து ஒன்றைத் திறந்தேன். தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டும் பழுப்பு நிறப் பிசுக்கில் மூழ்கியிருந்தன. மூச்சை இழுத்ததும் இயங்கும் மாடல்களில் காற்றழுத்தத்தை உணரும் ஒரு சென்சார் இருக்கும். திரவம் கசிந்து அதை நனைத்தால், யாரும் இழுக்காமலே, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் சூடேறலாம். மூடிய டிராயருக்குள் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாட் குப்பியைக் கழற்றி, காட்டன் பட்ஸில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் வையுங்கள். ஐந்து முறை பட்டனை அழுத்தி அணைக்கும் வசதி இருந்தால் கட்டாயம் அணையுங்கள்.

சார்ஜ் போடும்போது 5 வோல்ட், 1 ஆம்பியர் கொடுக்கும் சாதாரண சார்ஜரே பெரும்பாலான பாட் வேப்களுக்குப் போதும். மெத்தைமேல் வேண்டாம், தூங்கும்போதும் வேண்டாம். விமானத்தில் போனால் வேப்பைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்க 2015-லிருந்து சர்வதேச விதிகளே தடை விதிக்கின்றன. விமானத்துக்குள் சார்ஜ் போடவும் கூடாது.

மூடி பிளந்திருந்தாலோ, உடல் உப்பியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அதற்குச் சார்ஜே போடாதீர்கள். உப்பலுக்குக் காரணம் உள்ளே சேர்ந்த வாயு. அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பதும் குத்துவதும் தீயை அழைப்பதற்குச் சமம். தீப்பிடிக்காத பரப்பில், வீட்டுக்கு வெளியே தனியாக வைத்துவிட்டு, மின்கழிவு அல்லது பேட்டரி சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். உப்பியிருக்கிறது என்று வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்பிலும் இதே லித்தியம் செல்தான் இருக்கிறது. சாதாரணக் குப்பையில் போட்டால் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் அது நசுங்கித் தீப்பற்றலாம்; அப்போது பக்கத்தில் நிற்பவர் ஒரு துப்புரவுத் தொழிலாளியாக இருப்பார்.