டெர்பிஷயர் குன்றுகளில் ஒரு நாள் நடக்க

மான்செஸ்டரில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ கோடையில் போகிற சென்னைக்காரர்களே, ஒரு நாளைக் கண்டிப்பாக டெர்பிஷயருக்கு ஒதுக்குங்கள். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. காரே வேண்டாம், ரயிலில் ஈடேல் நிலையத்தில் இறங்கினால் போதும்.

முதல் தடவைக்கு மாம் டோர் என்கிற குன்று சரியான தேர்வு. உயரம் 517 மீட்டர். ஈடேலிலிருந்து முகட்டில் இருக்கிற ஹாலின்ஸ் கிராஸ் வரை ஏறுவதுதான் மூச்சு வாங்கும், அப்புறம் வலது பக்கம் திரும்பி முகட்டோடு கல் பாவிய பாதையில் நடந்தால், ஒரு பக்கம் ஈடேல் பள்ளத்தாக்கு, மறுபக்கம் காசில்டன் ஊர், நடுவில் காற்று மட்டும்.

வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் கூட வரும். வழி நெடுக ஆட்டு மந்தைகள் மேயும் நிலம்தான், அதனால் மூடியிருந்த கேட்டைத் திறந்து போனால் மறக்காமல் மூடிவிடுங்கள்.

குடை வேண்டாம், அந்தக் காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். அடிப்பாகம் வழவழப்பான ஷூ ஈரக்கல்லில் வழுக்கும். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள் பரங்கிமலைப் படிகளை ஏறி இறங்குங்கள். முட்டி பழகிவிடும். மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், உச்சியில் கடை கிடையாது.